ஓரியூர்ச் செம்மண்

மதுரை மாட்டுத்தாவணியில் தொண்டி பஸ் நிற்கும் இடத்தில் பிப்ரவரி முதல் வாரம் ஒரு தனிக் கூட்டம் சேர்கிறது. அரிசி மூட்டை, அலுமினியக் குண்டான், பாய்ச்சுருள், தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் என்று வீட்டில் பாதியைக் கட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள். எனக்கு முன் சீட்டில் இருந்த பெரியவரின் நெற்றி நிறையத் திருநீறு. அவர் பக்கத்தில் அவர் மனைவி, மடியில் பேத்தி. எங்கே போகிறீர்கள் என்றேன். "ஓரியூருக்கு. அருளானந்தர் சாமிகிட்ட. பேத்திக்கு மொட்டை போடணும். கிடாய் நேத்தே வண்டியில போயிருச்சு" என்றார். கண்டக்டர் கேட்காமலே திருவாடானைக்கு டிக்கெட் கிழித்தார். அங்கே இறங்கி வேறு பஸ் மாற வேண்டும்.

அந்தப் பெரியவர் சாமி என்று சொன்னவர் லிஸ்பனில் 1647-ஆம் ஆண்டு மார்ச் 1 அன்று பிறந்தவர். பெயர் ஜான் டி பிரிட்டோ. போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசர் பேத்ருவின் தோழனாக வளர்ந்தவர். பிள்ளைப் பருவத்தில் கடும் நோயில் படுத்தபோது, பிழைத்தால் புனித சவேரியாரைப் போல ஒரு வருஷம் அவனுக்கு இயேசு சபை அங்கி போடுகிறேன் என்று அவர் தாயார் நேர்ந்துகொண்டார். அந்த அங்கி அப்புறம் கழலவே இல்லை. 1662-இல் சபையில் சேர்ந்து, 1673-இல் கப்பலேறிக் கோவாவுக்கு வந்தார். இந்தக் கிழக்குச் சீமையின் விவசாயக் குடும்பங்கள் அவரை எந்த வழியில் தங்கள் சாமியாக்கிக்கொண்டார்கள் என்பதை ஊரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கருப்பாயூரணி, வரிச்சியூர், பூவந்தி என்று பஸ் ஓடியது. மதுரையை விட்டுக் கிழக்கே வரவர ஆற்றுப் பாசனம் குறைந்து, கண்மாயை நம்பிய பூமி தொடங்குகிறது. கரை நெடுகப் பனை. அதற்குள் புகுந்து எல்லாவற்றையும் மூடிவிட்ட சீமைக்கருவேலம். இந்த வழியெல்லாம் பிரிட்டோ நடந்தே போனவர். ஒரு பாதிரியாராக மட்டும் அவரைப் பார்த்தால் பாதி ஆள் விட்டுப்போகும். அவர் பெரிய நடையர். 1674-இல் மலையாளக் கரையிலிருந்து மேற்கு மலையைத் தாண்டி உள்நாட்டுக்குள் வந்தார். செஞ்சி, தஞ்சைச் சீமை, கொள்ளிடக் கரை, மதுரை, மறவர் நாடு என்று அவர் கால் படாத பக்கம் குறைவு. போன இடங்களின் போர், பஞ்சம், வெள்ளம், அரசர்களின் சண்டை பற்றியெல்லாம் அவரும் அவருடைய சபையாரும் மேலிடத்துக்கு எழுதி அனுப்பிய கடிதங்கள்தான் இன்று நாயக்கர் கால மதுரையை அறிய நமக்கு இருக்கும் முக்கியமான சான்றுகளில் ஒன்று. ஆர். சத்தியநாத ஐயர் 1924-இல் வெளியிட்ட மதுரை நாயக்கர் வரலாற்று நூலில் அந்தக் கடிதங்கள் பின்னிணைப்பாக இருக்கின்றன. ராஜாக்களின் செப்பேடுகள் கொடையைச் சொல்லும். குடியானவன் எதைத் தின்றான், எப்போது ஊரைவிட்டு ஓடினான் என்று சொல்லாது. இந்தக் கடிதங்கள் அதைச் சொல்கின்றன. பார்வையில் மதச் சாய்வு உண்டு, அதைக் கழித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். ஆனாலும் அவை இல்லாவிட்டால் அந்தக் காலம் நமக்குப் பெரும்பாலும் இருட்டு.

அவருக்கு முன்னால் பாதை போட்டவர்கள் இருந்தார்கள். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, காவி கட்டி, மாமிசம் விட்டு, பிராமண சந்நியாசிகளின் ஒழுக்கத்தை மேற்கொண்டு தத்துவ போதகரானார். அந்தக் கோலத்தில் இருந்தவரால் தாழ்த்தப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பழக முடியவில்லை. அதற்காக 1640-ஐ ஒட்டி இன்னொரு வகைத் துறவிகள் வந்தார்கள், பண்டாரசாமிகள். இவர்கள் எல்லாச் சாதியாரிடமும் போகலாம். அந்த வழியைத் தொடங்கிவைத்த பல்தசார் த கோஸ்தா ஆள் திரட்ட ஐரோப்பா போனபோதுதான் பிரிட்டோ அவரோடு புறப்பட்டார். கோஸ்தா கடல் பயணத்திலேயே இறந்துபோனார். பிரிட்டோ அவர் விட்ட இடத்திலிருந்து பண்டாரசாமியானார். காவி அங்கி, தலையில் முண்டாசு, கையில் கோல். மண்தரையில் படுக்கை, மரக்கறிச் சோறு. பெயரும் அருளானந்தர் ஆயிற்று.

காளையார்கோயிலில் பஸ் டீக்கு நின்றது. சிவன் கோயிலின் பெரிய கோபுரத்துக்கு எதிரே கடைகள். இந்த ஊர் என்றால் நமக்கு 1801-ஆம் வருஷப் போரும் மருது சகோதரர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். அதற்கு நூறு வருஷத்துக்கும் முன்னால் 1686-இல், காளையார்கோயில், பாகனேரி வட்டாரத்தில்தான் அருளானந்தரும் உபதேசியார்களும் மறவர் படையிடம் பிடிபட்டுக் கொடுமைப்படுத்தப்பட்டார்கள். வெயிலில் காய்ந்த கரடுமுரடான பாறையில் படுக்கவைத்து மேலே ஏறி மிதித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. பின்னர் இராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி முன் நிறுத்தப்பட்டபோது, அந்த அரசர் அவரைக் கொல்லவில்லை. என் சீமையில் இனிமேல் உபதேசம் செய்யக் கூடாது என்று சொல்லி விட்டுவிட்டார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பின்னால் அருளானந்தர் ஓரியூரில் வெட்டுண்ட கதையைச் சொல்லும் பலர் சேதுபதியைக் கொடுங்கோலனாக மட்டுமே காட்டிவிட்டுப் போகிறார்கள். கீழக்கரைச் சீதக்காதியைத் தன் உற்ற நண்பராக வைத்திருந்த, இராமநாதபுரத்தில் கற்கோட்டை கட்டிய, பின்னாளில் மதுரை நாயக்க அரசிடமிருந்து தன் நாட்டைப் பிரித்துத் தனித்து நின்ற அரசர் அவர். முதல் தடவை கையில் சிக்கியவரை உயிரோடு விட்டவரும் அவர்தான்.

சருகணியைக் கடக்கும்போது அந்த நிறைத் திருநீற்றுப் பெரியவர் ஜன்னல் வழியாகக் கையெடுத்துக் கும்பிட்டார். சருகணி மாதாகோயிலுக்கு மருது சகோதரர்கள் கொடை கொடுத்திருக்கிறார்கள். சிவகங்கைச் சீமைக்காரர்கள் இன்றும் அதைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள்.

திருவாடானையில் ஆதிரத்தினேசுவரர் கோயில் ராஜகோபுரம் வெகு தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. அங்கே பஸ் மாறி வடகிழக்கே திரும்பினோம். அறுவடைக் காலம். இராமநாதபுரம் மாவட்டம் முழுக்க வறட்சி என்று நினைப்பவர்கள் இந்தத் தாலுகாவை இந்த மாதத்தில் வந்து பார்க்க வேண்டும். மாவட்டத்தின் நெற்களஞ்சியம் என்ற பெயர் சும்மா வந்ததில்லை. ரோட்டோரம் தார்ப்பாயில் நெல்லைப் பரப்பி, பக்கத்திலேயே மிளகாயையும் காயப்போட்டிருந்தார்கள். பஸ்ஸுக்குள் எல்லாருக்கும் தும்மல்.

ஓரியூர் சின்ன ஊர். பாம்பாற்றங்கரைச் சீமையில், கடலுக்கு வெகு தூரமில்லாத ஒரு மேட்டில் இருக்கிறது. இறங்கியதும் கண்ணில் படுவது ஆலயத்தின் வெள்ளை முகப்பு. போர்ச்சுகீசியக் கட்டட வகை. பனைமரங்களுக்கு நடுவே அந்த முகப்பைப் பார்த்தால், லிஸ்பனிலிருந்து வந்தவருக்கு அவர் ஊர் வாசலையே இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் கூட்டம் முதலில் முகப்பை நோக்கிப் போகவில்லை. மண்ணை நோக்கித்தான் போகிறது.

அருளானந்தர் வெட்டுண்ட இடத்து மணல் சிவப்பு. சுற்றுவட்டாரத்தில் வெளிறிய மணலும் கரிசலும் கலந்து கிடக்க, இந்த மேடு மட்டும் காவிச் சிவப்பாக நிற்கிறது. அவர் இரத்தம் சிந்தியதால் மண் சிவந்தது என்பது இங்கு வருகிற அத்தனை பேரின் நம்பிக்கை. செம்மண் புனிதர் என்றே அவரை அழைக்கிறார்கள். ஓர் அம்மா மண்டியிட்டு முந்தானை நுனியில் ஒரு பிடி மண்ணை வைத்து முடிந்துகொண்டார். முடிவதற்கு முன் விரலால் துழாவிச் சின்னக் கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மாவு போலிருந்ததை மட்டும் எடுத்தார். வீட்டில் யாருக்காவது காய்ச்சல், வயிற்றுவலி என்றால் தண்ணீரில் துளி கலந்து கொடுப்பார்களாம். "மாத்திரையும் கொடுப்போம், இதையும் கொடுப்போம்" என்றார்.

மொட்டை போடும் இடத்தில் நல்ல நெரிசல். பஸ்ஸில் வந்த பேத்தி கத்திய கத்தலில் பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து அழ, ஒரே கூச்சல். தலையில் சந்தனம் பூசியதும் அழுகை நின்றது. அந்தப் பக்கம் ஒரு தம்பதி தென்னங்கன்றோடு நின்றார்கள். பிள்ளை வரம் வேண்டியும், கிடைத்த பிறகு நன்றிக்கும் தென்னங்கன்று செலுத்துவது இங்குள்ள வழக்கம். கன்றுக்கு மஞ்சள் பூசி, பூச்சுற்றி, பிள்ளையைத் தூக்கிவருவதைப் போலவே தூக்கிவந்திருந்தார்கள்.

நான் நெடுநேரம் நின்று பார்த்தது பிள்ளை ஏலம். நேர்ச்சை வைத்துப் பெற்ற பிள்ளையைச் சாமிக்கே கொடுத்துவிடுகிறார்கள். கொடுத்த பிள்ளை கோயிலுடையது. கோயில்காரர் அதைக் கையில் ஏந்திக்கொண்டு ஏலம் கூறுகிறார். நூறு ரூபாய், இருநூறு ரூபாய் என்று உறவுக்காரர்களும், முன்பின் தெரியாதவர்களும் கேட்கிறார்கள். தாய்மாமன் ஒருவர் விடாமல் ஏற்றிக்கொண்டே போனார். பிள்ளையைப் பெற்றவள் அத்தனை நேரமும் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கடைசியில் பிள்ளை தன் கைக்கே திரும்பிவரும் என்பது அவளுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சில நிமிஷம் பிள்ளை அவளுடையது இல்லை. தாய்மாமன் பணத்தைக் கட்டிப் பிள்ளையை வாங்கி அவளிடம் நீட்டியபோது அவள் பறித்துக்கொண்ட வேகத்தில் அது தெரிந்தது. எந்தத் திருச்சபைப் புத்தகமும் எழுதிக்கொடுத்த சடங்கு இல்லை இது. இந்தச் சீமைக்காரர்கள் தங்கள் குலசாமிக்கு என்ன செய்வார்களோ, அதை அவருக்கும் செய்கிறார்கள்.

கிடாய் விஷயமும் அப்படித்தான். ஆலயத்தைத் தள்ளிப் புளியமரத்தடியிலும் பனங்கூட்டத்திலும் அடுப்புகள் புகைந்தன. பண்டாரசாமிகளே மரக்கறி உண்டவர்கள். ஐரோப்பா போயிருந்தபோதும் பிரிட்டோ அந்தச் சாப்பாட்டையும் தரைப் படுக்கையையும் விடவில்லை என்று சொல்வார்கள். அவர் பேரில் கிடாய் வெட்டலாமா என்று திருநீற்றுப் பெரியவரிடம் கேட்டேன். "சாமி சாப்பிடுறதுக்கா வெட்டுறோம்? சாமி பேரைச் சொல்லி எல்லாரும் ஒரே பந்தியில உக்கார்றதுக்குத் தம்பி" என்றார். பந்தியைப் பார்த்தேன். இந்தச் சீமையில் யார் யார் பக்கத்தில் உட்காருவார்கள், உட்காரமாட்டார்கள் என்பது தெரிந்தவர்களுக்கு அந்தப் பதிலின் அருமை புரியும். எல்லாப் பந்தியும் அப்படி இருந்தது என்று சொல்லமாட்டேன். அந்தப் பந்தி அப்படி இருந்தது.

இனி அருளானந்தரின் சாவுக்கு வருகிறேன். 1686-க்குப் பிறகு பிரிட்டோவைச் சபை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. பால்ய நண்பர் பேத்ரு இப்போது அரசர். தங்கிவிடு, இளவரசர்களுக்கு ஆசிரியராக இரு என்று கேட்டுப்பார்த்தார்கள். கேட்கவில்லை. 1690-இல் கோவாவுக்குத் திரும்பி, மறுவருஷமே தடைசெய்யப்பட்ட மறவர் சீமைக்குள் மறுபடி நுழைந்தார். சிறுவல்லி என்ற பகுதியின் தலைவர் தடியத்தேவர் நோயில் கிடந்து, கிறிஸ்தவ வழிபாட்டால் குணமானதாக நம்பி, ஞானஸ்நானம் கேட்டார். அவர் சாதாரண ஆள் அல்ல. சேதுபதிகளின் அரச வழியில் வந்தவர், பட்டத்துக்கு உரிமை பேசக்கூடியவர். அப்படிப்பட்ட ஒருவர் தன் ஆட்களோடு அரசர் தடுத்த மார்க்கத்தில் சேர்ந்தால், கிழவன் சேதுபதி அதைப் பக்தியாக மட்டும் பார்த்திருக்க முடியாது. இது என் கணிப்பு. ஆனால் அந்த நாளைய மறவர் நாட்டின் பட்டப் போட்டிகளைத் தெரிந்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

பிரிட்டோ ஒரு நிபந்தனை போட்டார். மூத்தவளை மட்டும் மனைவியாக வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க வேண்டும். தடியத்தேவர் சம்மதித்தார். 1693 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளில் ஞானஸ்நானம் நடந்தது. விலக்கப்பட்டவர்களில் இளையவள் சேதுபதிக்கு நெருங்கிய உறவு, உடன்பிறந்தார் மகள். அவள் இராமநாதபுரம் போய் முறையிட்டாள். ஜனவரி 8-இல் பிரிட்டோ பிடிபட்டார். தலைநகரில் அவரைக் கொன்றால் கலகம் வரலாம் என்று ஓரியூரில் இருந்த தன் சகோதரர் உடையத்தேவரிடம் அனுப்பிவைத்தார் சேதுபதி. பிப்ரவரி 3-ஆம் தேதி சிறையிலிருந்து பிரிட்டோ தன் மேலதிகாரிக்கும் இன்னொரு குருவுக்கும் கடிதம் எழுதினார். மை கிடையாது, கரிதான். மறுநாள் 4-ஆம் தேதி, புதன்கிழமை, தலை வெட்டப்பட்டது. அந்த ஆண்டு அன்றுதான் திருநீற்றுப் புதன். மண்ணாயிருக்கிறாய் என்று நெற்றியில் சாம்பல் பூசும் நாள். உடலைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

அவருக்கு 1853-இல் முத்திப்பேறு பட்டமும், 1947 ஜூன் 22-இல் புனிதர் பட்டமும் கொடுத்தது ரோமாபுரி. சுதந்திரத்துக்குச் சில வாரம் முந்தி. இந்தச் சனங்கள் அதுவரை காத்திருந்ததாகத் தெரியவில்லை.

"வெட்டினது எங்க சீமைக்காரங்கதான்" என்றார் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவர், கிறிஸ்தவர் அல்லாதவர். "அந்தப் பழி எங்க மேல இருக்கு. அதனாலதான் அவரை நாங்க விட்டுட முடியாது." பகையால் செத்தவனைத் தெய்வமாக்கிப் படையல் போடுவது இந்த மண்ணின் பழைய நியாயம். கொலையுண்டவர்களுக்கு நடுகல் வைத்த பூமி. பிரிட்டோ இந்த மண்ணின் உடுப்பையும் சோற்றையும் நடையையும் எடுத்துக்கொண்டார். மண் அவரைத் தன் நியாயப்படி எடுத்துக்கொண்டது. எந்த நாட்டிலிருந்து வந்தார் என்பது அதில் குறுக்கே நிற்கவில்லை. ஓரியூரைப் பற்றி நான் உறுதியாகச் சொல்வது இவ்வளவுதான். மதம் மாற்ற வந்தவர், அதற்குப் பலியானவர் என்ற இரண்டு வாக்கியத்தில் இந்த ஊரை அடைக்கப் பார்ப்பவர்கள் ஒரு தடவை பிப்ரவரியில் இங்கே வந்து நிற்க வேண்டும்.

ஆனால் ஒரு குறை என் மனத்தில் இருக்கிறது. அந்த இளைய மனைவி. வேதசாட்சியின் கதையைச் சொல்கிறவர்கள் அவளைக் கோபக்காரியாக, பழிவாங்கியவளாக, கத்தியைத் தூண்டிவிட்டவளாகச் சொல்லிக் கடந்துபோகிறார்கள். தங்கைகள் போல வைத்துக் காப்பாற்றுகிறேன் என்று தடியத்தேவர் சொன்னதாகச் சொல்வார்கள். நேற்றுவரை மனைவி, இன்று தங்கை என்றால் அது எந்தப் பெண்ணுக்கு ஆறுதல்? தாலி கட்டியவன் அவனுடைய ஆன்மாவுக்காக அவளை விலக்குகிறான். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே மனைவி என்ற நெறியின் நியாயம் எனக்குப் புரிகிறது, அது பின்னால் பெண்களுக்குத்தான் காவலாக வந்தது என்பதும் தெரியும். அன்று அந்த நெறிக்கு விலை கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. பிரிட்டோ விரும்பிக் கொடுத்தார். அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

பேத்தியின் மொட்டைத் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்த பெரியவரின் மனைவியிடம் இதைச் சொன்னேன். அவருக்கு அந்தக் கதை தெரிந்திருந்தது. அவருடைய அப்பத்தா சொல்லிக் கேட்டதாம்.

"அவளைத் தப்பு சொல்றவுக சொல்லட்டும்" என்றார். "புருசன் தள்ளிட்டா பொம்பளை பொறந்த வீட்டுல போய்ச் சொல்லாம வேற எங்க போய்ச் சொல்லுவா? அவ பொறந்த வீடு அரமனையாப் போச்சு, அவ்வளவுதான். அதுக்காக அந்தச் சாமி மேல எனக்குப் பாசம் கொறையல. ரெண்டு பேரும் பாவம்." பிறகு பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "வாங்க தம்பி, குழம்பு இறக்கியாச்சு. இலை போட்டாச்சு" என்று புளியமரத்துப் பக்கம் நடந்தார்.